மார்பளவுக்கு மேலே

கடைசி முறை மருத்துவமனைக்குப் போனபோது என் மனைவியை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து நீளமான நடைவழியில் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் மாத்திரைப் பையைப் பிடித்தபடி பக்கத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். அவள் கண்கள் கூரையில் இருந்தன. எரியாத விளக்குகள், நீர் கசிந்து பழுப்பேறிய திட்டுகள், மூடி கழன்று தொங்கிய ஒரு மின்விசிறி. எல்லாவற்றையும் பார்த்து முடித்தவள் போல என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இந்தக் கட்டடத்த யாருமே படுத்துப் பாக்கல போலருக்கு."

தள்ளிக்கொண்டு வந்தவர் பதறி நின்றுவிட்டார். "என்ன சார் சொல்றாங்க? வலிக்குதாமா?"

"இல்லப்பா. ஆய்வு பண்றாங்க" என்றேன்.

அவர் என்னையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மறுபடியும் தள்ளினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் புரிந்தது. இப்போது அவள் இல்லை. அதை இன்னும் சிலருக்காவது புரியவைத்துவிட வேண்டும் என்று கொஞ்ச நாளாக மனசு அரித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடக்கும் கை வைத்த மர நாற்காலியிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் மருந்துக்கடை வைத்திருப்பவன். அவள் அரசாங்கத்தில் சுற்றுச்சூழல் ஆய்வு அதிகாரி. பொதுக் காட்டுக்குள் அங்கங்கே தனியார் நிலங்கள் உண்டு. காடு அரசுடையதாவதற்கு முன்பே யாரோ வாங்கி, யாரோ வாழ்ந்த துண்டுகள். வரைபடத்தில் பச்சைக்கு நடுவே வெள்ளையாகச் சிறு கட்டம் போலத் தெரியும். நிலத்துக்காரருக்குத் தன் வீட்டுக்குப் போக உரிமை இருக்கிறது. போகும் வழியில் உள்ள காடு எல்லோருடையதும் என்பதால், எப்படிப் போக வேண்டும் என்று சொல்ல அரசுக்கும் உரிமை இருக்கிறது. இந்த இரண்டு உரிமைகளும் முட்டிக்கொள்ளும் இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள் என் மனைவி.

உட்கார்ந்திருந்தாள் என்பதுகூட ஒரு பேச்சுக்குத்தான். அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு பாதையைப் பற்றி எழுதுவதற்கு முன், அந்தப் பாதையில் போகப்போகிறவர் எப்படிப் போவாரோ அப்படியே ஒரு முறை போய்ப் பார்த்துவிடுவாள். தேன் பெட்டி வைத்திருந்த ஒருவர் பாதை கேட்டபோது பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அன்று வீடு திரும்பியபோது ஒரு கண் திறக்கவே இல்லை. நான் களிம்பு தடவிக்கொண்டே திட்டினேன். "காலி பெட்டியா கேட்டிருக்கலாம்ல?" என்றேன். "காலி பெட்டிய தூக்கிட்டு எவன் போவான்?" என்றாள், வீங்கிய கண்ணோடு.

அந்த வருடம் வந்த விண்ணப்பக்காரருக்கு அலுவலகத்தில் 'தீவுக்காரர்' என்று பெயர். நாலாபுறமும் காடு சூழ்ந்த நிலம், நடுவில் ஓட்டு வீடு, அதில் அவரும் மனைவியும் மட்டும். அந்த அம்மாவுக்கு ஒரு நாள் காலையில் பக்கவாதம் வந்துவிட்டது. தீவுக்காரர் அவரை முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் நடந்தே தார்ச்சாலைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். உயிர் பிழைத்தது. இடது கையும் காலும் வரவில்லை. அதன் பிறகு வாரா வாரம் மருத்துவமனைக்குப் போக வேண்டும், உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் வந்து போக வேண்டும். வாரா வாரம் முதுகில் தூக்க முடியுமா? ஊரில் சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துத் தங்கினார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். அந்த அம்மாவுக்கு வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு வண்டி போகிற அளவுக்குப் பாதை கிடைத்தால் போகலாம். மழைக்காலம் தொடங்கிவிட்டால் காட்டில் மண் வேலை செய்ய விடமாட்டார்கள், அடுத்த கோடை வரை சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பாதையின் வரைபடத்தைப் போட்டவர் சாலைப் பொறியாளர். அவரை எல்லோரும் 'நேர்கோடு' என்பார்கள். வளைவைக் கண்டால் அவருக்குத் தலைவலி வரும் என்று கேலி செய்வார்கள். ஆனால் இந்த வேலையை அவர் அழகாகத்தான் செய்திருந்தார். ஓடையோரமாகப் போனால் சதுப்பு, மேட்டுப் பக்கம் போனால் செங்குத்து. இரண்டையும் விட்டுவிட்டு, எப்போதோ மரம் இழுத்த பழைய தடத்தையே எடுத்துக்கொண்டு, அடிமரங்களுக்கு நடுவே ஊசியில் நூல் கோத்ததுபோலக் கோட்டைக் கொண்டுபோயிருந்தார்.

"மேடம், ஒரு மரம்கூட விழாது" என்றார், எங்கள் வீட்டுக் கூடத்தில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு. "என் சர்வீஸ்லயே இப்படி ஒரு ரோடு போட்டதில்ல."

கணக்கெடுப்புக் குழுவும் ஒத்துக்கொண்டது. மண், நீர், கால்தடம், எச்சம், வளை எல்லாம் பார்த்தாயிற்று. மரங்களையும் அளந்தாயிற்று. காட்டில் மரத்தை மார்பளவு உயரத்தில்தான் அளப்பார்கள். நாடாவை நெஞ்சுக்கு நேரே அடிமரத்தைச் சுற்றிப் பிடித்து, பருமனைக் குறித்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போவார்கள். வெட்டப்படும் மரம் எதுவும் இல்லை, பாதிப்பு மிகக் குறைவு. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"நான் ஒரு தடவ போய்ட்டு வந்துடறேன்" என்றாள் என் மனைவி.

"நீங்கதான் ரெண்டு தடவ நடந்தாச்சே மேடம்."

"நடந்தேன். அந்தம்மா நடக்க மாட்டாங்கல்ல?"

இப்படித்தான் எங்கள் கூடத்து நாற்காலி காட்டுக்குப் போனது. இரண்டு பக்கமும் மூங்கில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். முன்னால் என் மச்சினனும் தீவுக்காரரும், பின்னால் நானும் நேர்கோடும். நேர்கோடு அலுவலக பூட்ஸோடு வந்திருந்தார். மச்சினன் மரக்கடையில் தடி, பலகையெல்லாம் தூக்கிப் பழகியவன், அக்காவைத் தூக்குவதற்கு மட்டும் ஆயிரம் நொட்டை சொன்னான்.

"அக்கா, காலைல எத்தன இட்லி சாப்ட்ட? உண்மைய சொல்லிடு, கயிறு எனக்குச் சொந்தமில்ல."

"டேய், ஒழுங்கா தூக்குடா. ஆளப் பாரு, தேவாங்கு மாதிரி இருந்துக்கிட்டு."

"மாமா, கேட்டுக்கிட்டே வர்றீங்களே, உங்க மச்சினன இப்படிப் பேசறாங்க."

"நான் பாரம் தூக்கறப்போ பேசறதில்ல மாப்ள" என்றேன். உண்மையில் மூச்சு வாங்கியது.

தீவுக்காரர் மட்டும் பேசவில்லை. எந்த வேர் எங்கே புடைத்திருக்கிறது, எந்தக் கல் ஆடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "இடது பக்கம் பள்ளம்" என்பார், அவ்வளவுதான். அதே வழியில் முதுகில் மனைவியோடு வந்தவர்.

ஏற்றத்தில் நாற்காலி பின்பக்கம் சாய்ந்தது. நானும் நேர்கோடும் குட்டை, முன்னால் இருந்தவர்கள் நெட்டை. என் மனைவி ஏறக்குறையப் படுத்த நிலையில் போனாள். முதலில் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் விட்டுவிட்டு மேலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாளோ என்று குனிந்து பார்த்தேன்.

"நில்லுங்க" என்றாள்.

"இறக்கவா?"

"வேணாம். இறக்காதீங்க. இப்படியே பிடிச்சுக்கங்க."

"அக்கா, இது என்ன சினிமா கொட்டகையா?" என்றான் மச்சினன், கழுத்து நரம்பு புடைக்க.

அவள் கையை உயர்த்திக் காட்டினாள். நாங்கள் நால்வரும் அண்ணாந்தோம். இத்தனை தூரமும் பழைய தடத்துக்கு மேலே இரண்டு பக்க மரங்களுக்கும் நடுவே வானம் நீளமாகத் தெரிந்துகொண்டே வந்திருக்கிறது. குனிந்து நடந்த நாங்கள் கவனிக்கவில்லை. இந்த ஓர் இடத்தில் மட்டும் வானம் தெரியவில்லை. இந்தப் பக்கத்து மரத்திலிருந்து அந்தப் பக்கத்து மரத்துக்குக் கொடிகள் தாவி, பின்னி, தடித்துப் பாலம் போலக் கிடந்தன.

"வழியெல்லாம் வானம் கிழிஞ்சே வந்துச்சுங்க" என்றாள் என்னிடம். "இங்க மட்டும்தான் தச்சிருக்கு."

அந்தப் பின்னலின் நடுவில், இலைகளுக்குள், கம்பளி நூல் உருண்டை மாதிரி ஒன்று சுருண்டிருந்தது. சிறிது நேரம் பார்த்த பிறகுதான் அதற்கு விரல்கள் இருப்பது தெரிந்தது. கிளையை இறுகப் பிடித்தபடி பகல் தூக்கத்தில் இருந்தது ஒரு தேவாங்கு.

"ஒன் சொந்தக்காரன்டா" என்றாள் தம்பியிடம், கிசுகிசுப்பாக. அவனுக்குச் சிரிப்பு வந்து தோள் குலுங்கியதில் நாற்காலி ஆடியது. அப்போதுதான் இறக்கினோம்.

தேவாங்கு தாவாது. தரையில் இறங்கி நடப்பதும் அபூர்வம். கிளை விட்டுக் கிளை கை எட்டினால்தான் போகும். பழைய தடம் காட்டை இரண்டாக வகுந்து போட்டிருந்தது. அந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவே அவற்றுக்கு இருந்த ஒரே வழி இந்தக் கொடிப் பின்னல்தான். நேர்கோட்டின் பாதைக்காக ஒரு மரமும் விழாது என்பது உண்மை. ஆனால் வண்டி போக மேலேயும் இடம் வேண்டும், குறுக்கே தொங்குவதையெல்லாம் அகற்ற வேண்டும். கொடிக்கும் கிளைக்கும் யாரும் கணக்கு வைக்கவில்லை. எல்லோரும் நாடாவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தவர்கள். கண்ணும் அங்கேயே நின்றுவிட்டது.

"நானும் ரெண்டு தடவ நடந்தேன், பாக்கல" என்றாள் அவள். யாரையும் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. ஏதோ கிடைத்துவிட்ட சந்தோஷம்தான் அதில் இருந்தது.

நேர்கோடு பூட்ஸில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். தீவுக்காரர் முகம் இருண்டுவிட்டது.

"அப்ப ரோடு கிடையாதா மேடம்?"

"அப்படிச் சொல்லலயே."

"ஒரு தேவாங்குக்காக என் பொண்டாட்டி அந்த ரூம்லயே கிடக்கணுமா?" குரல் உயர்ந்தது. "நீங்க இதுல ஏறி உக்காந்தது பாக்கறதுக்கு. பாத்தாச்சு, எறங்கிட்டீங்க. அவ உக்காந்தா எறங்க முடியாது மேடம்."

மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். என் மனைவி கையைக் காட்டி அடக்கினாள். திரும்பி வரும்போது நாற்காலியைக் காலியாகத் தூக்கி வந்தோம். போகும்போது இருந்ததைவிடக் கனமாக இருந்தது.

அவளுக்கு முன்னால் இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. பார்த்ததைப் பார்க்காதது போலக் கையெழுத்துப் போட்டுவிடலாம். குழுவே கவனிக்காததை அவள் கவனிக்கவில்லை என்று யார் கேட்கப்போகிறார்கள்? இல்லையென்றால், ஒரு வருடம் முழுக்கக் கணக்கெடுத்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடலாம். மேலதிகாரி அதைத்தான் சொன்னார். அதில் யாருக்கும் பாதகமில்லை, அந்த அம்மாவைத் தவிர. இரண்டில் எதைச் செய்திருந்தாலும் அவளை நல்ல அதிகாரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் கடையைச் சாத்தச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு அவள் சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனாள். சுவரோரம் கட்டில். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் என் கடைச் சீட்டு ஒட்டிய மருந்துப் பொட்டலம். அந்த அம்மா தலையணையில் சாய்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பேச்சு மெதுவாக வந்தது, ஆனால் கூர்மையாக வந்தது. தீவுக்காரர் வாசலில் முதுகு காட்டி நின்றுகொண்டார்.

"அக்கா, நேத்து உங்க வீட்டு வழியில நாற்காலில போனேன்" என்றாள் என் மனைவி.

"சொன்னாரு. கத்திட்டேன்னும் சொன்னாரு." ஒரு மூச்சு விட்டு, "எனக்கு முன்னாடி உங்களத் தூக்கிட்டுப் போயிருக்காரு. இருக்கட்டும், வீட்டுக்குப் போய் வெச்சுக்கறேன்" என்றார்.

வாசலில் நின்ற முதுகு லேசாக அசைந்தது. என் மனைவி சிரித்துவிட்டாள்.

"நீங்க எதுல போவீங்கக்கா? என்ன வண்டி?"

"அவர்கிட்ட மூணு சக்கர வண்டி ஒண்ணு இருக்கு. தார் ரோட்டோரம் தகரக் கொட்டகைல போட்டு வெச்சிருக்காரு. அதுல போனா போதும். முடியாம போச்சுன்னா ஆம்புலன்ஸு வரணும்." கொஞ்சம் நிறுத்தி, "ஏம்மா, லாரியா ஓட்டப் போறோம்?" என்றார்.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அந்த வெளிச்சம் வந்தால் அன்று சாப்பாடு தாமதமாகும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே நேர்கோட்டின் அலுவலகத்துக்குப் போனாள். அவர் வரைபடத்தின் மேல் முழங்கை ஊன்றி, நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இரவெல்லாம் தூக்கம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"சார், மேல இவ்வளவு உயரம் விடணும்னு எதுக்கு விதி வெச்சிருக்காங்க?"

"தீயணைப்பு வண்டிக்கு மேடம். பெரிய வண்டி. காட்டுக்குள்ள வீடு இருந்தா அது போய்ச் சேரணும். அத மாத்த முடியாது."

"சரி. அந்தப் பெரிய வண்டி நிலையத்துலேர்ந்து எப்படி வரும்?"

"எப்படின்னா, நேரா தார் ரோடு. அப்புறம் கீழ்ப் பாலத்தத் தாண்டி..."

கையை நெற்றியிலிருந்து எடுத்தார். அந்தக் கீழ்ப் பாலத்தைக் கட்டியவரே அவர்தான். பாரவண்டிகள் செல்லக்கூடாது என்று அதன் முனையில் நட்டிருக்கும் பலகையும் அவர் எழுதவைத்ததுதான்.

"அந்தப் பாலம் தாங்காது" என்றார் மெதுவாக. "பெரிய வண்டி அந்தப் பக்கமே வராது. சின்ன வண்டிதான் அனுப்புவாங்க." பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. "வராத வண்டிக்கு வழி விட்டுட்டு உக்காந்திருக்கேன் மேடம் நான்."

தன் தவறைத் தானே கண்டுபிடித்து, அதைத் தானே உரக்கச் சொல்லிச் சிரித்தவர் அவர். எனக்கு அன்றிலிருந்து அவரை மிகவும் பிடித்துப்போனது.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம். தீயணைப்பு நிலையத்தில் சின்ன வண்டியின் உயரத்தை அளந்தார்கள், ஆம்புலன்ஸையும் அளந்தார்கள். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒரு மூங்கிலை வெட்டி, நுனியில் சிவப்புத் துணி கட்டி, மச்சினன் அதைக் கொடிமரம் போல நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பாதை நெடுக நடந்தான். "போற வர்றவன் பாத்தா ஏதோ கட்சி ஆரம்பிச்சுட்டேன்னு நெனைப்பான்" என்று புலம்பினான். கொடிப் பின்னலுக்குக் கீழே நடுவில் துணி சிக்கியது. ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒரு பெரிய அடிமரத்தைச் சுற்றி வந்தபோது சிக்காமல் கடந்தது. அங்கே கொடிகள் உயர்ந்து வளைந்திருந்தன.

நேர்கோடு அங்கேயே ஒரு பாறைமேல் தாளை வைத்து அந்த வளைவை வரைந்தார். பென்சிலை எடுத்துவிட்டுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா இருக்கு சார்" என்றாள் என் மனைவி.

"ஆபீஸ்ல யாருக்கும் காட்டாதீங்க மேடம். பேர மாத்திடுவானுங்க."

நிபந்தனைகளை அவள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். பாதை ஒரு வண்டி அகலம் மட்டும், எதிரில் வண்டி வந்தால் ஒதுங்கிக்கொள்ள ஒரு மேடு. கொடிப் பின்னலில் ஓர் இலைகூட வெட்டக் கூடாது. தார்ச்சாலையிலிருந்து திரும்பும் இடத்தில் உயரத் தடுப்பாக ஒரு குறுக்குச் சட்டம், அதற்குக் கீழே நுழையாத வண்டி உள்ளே போக வேண்டியதில்லை. நிலத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, சின்னத் தீயணைப்பு வண்டி வந்தால் நிரப்பிக்கொள்ள. இருட்டிய பிறகு அவசரத்துக்கு மட்டுமே வண்டி, அதுவும் மெதுவாக. ஒவ்வொரு வரியையும் எனக்கு வாசித்துக் காட்டினாள். "புரியுதா?" என்பாள். எனக்குப் புரியவில்லை என்றால் அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவாள். மருந்துச் சீட்டின் கையெழுத்தை வாசித்துப் பழகிய எனக்கே புரியாதது யாருக்கும் புரியாது என்பது அவள் கட்சி.

மேலதிகாரி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வருடக் கணக்கெடுப்பு இல்லாமல் எப்படி என்று கேட்டார். "கணக்கெடுப்பு நடக்கட்டும் சார், பாதையும் நடக்கட்டும். நாம ஒண்ணுத்தையும் வெட்டலயே, எதக் காப்பாத்த காத்திருக்கறது?" என்று கேட்டாளாம். இதை என்னிடம் சொன்னவர் நேர்கோடு. அவள் அலுவலகத்தில் பேசி வென்றதை ஒருபோதும் வீட்டில் சொன்னதில்லை. கணக்கெடுப்பாளர்கள் இரவில், தேவாங்குகளின் கண் கூசாத சிவப்பு விளக்கோடு போய் உட்கார்ந்து, அந்தப் பின்னல் வழியாகத் தேவாங்குகள் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வருவதை உறுதிசெய்தார்கள். கையெழுத்தானது.

ஆனால் அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. தார்ச்சாலையிலிருந்து கொடிப் பின்னல் வரை பாதை முடிந்திருந்தது. அதற்கப்பால் வீடு வரை மிச்சம் இருந்தது. வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. விதி விதிதான், நிபந்தனைகளில் அவளும் அதை எழுதியிருந்தாள். மிச்சத்தை அடுத்த கோடையில்தான் தொடமுடியும்.

அன்று மாலை அவள் கூடத்தில் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தம்பிக்கு ஃபோன் போட்டாள்.

"கயிறு இருக்காடா?"

வானம் வெளுத்திருந்த ஒரு காலையில் போனோம். தீவுக்காரர் மூன்று சக்கர வண்டியில் மெத்தை போட்டு மனைவியை உட்காரவைத்து ஓட்டி வந்தார். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே வண்டி நுழைந்தபோது அந்த அம்மா தேவையில்லாமல் தலையைத் தாழ்த்திக்கொண்டார். கொடிப் பின்னலுக்குக் கீழே வண்டி நின்றது. அங்கிருந்து வீடு வரை நடை. இப்போது பெரும்பகுதி வழி சக்கரத்தில் வந்துவிடலாம் என்பதால், அடுத்த கோடை வரை வாரத்துக்கு ஒருமுறை இந்த மிச்சத்தை மட்டும் தூக்கிக் கடப்பது என்று முடிவு. மச்சினன் தன் மரக்கடை ஆட்களை முறைபோட்டு அனுப்புவதாக ஏற்றுக்கொண்டிருந்தான்.

நாற்காலியைக் கட்டினோம். நேர்கோட்டுக்கு அன்று காய்ச்சல். மூன்று பேர்தான் இருந்தோம். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நான்காவது முனையைத் தோளில் ஏற்றிவிட்டாள்.

"நீங்களா மேடம்?" என்றார் தீவுக்காரர்.

"ஏன், உக்கார மட்டும்தான் தெரியும்னு நெனச்சீங்களா?"

அவர் தலை குனிந்து தன் முனையைத் தூக்கினார். நாற்காலி எழும்பியது. இரண்டடி வைத்திருப்போம்.

"நில்லுங்க" என்றார் அந்த அம்மா.

நின்றோம். அவர் சாய்ந்து மேலே பார்த்தார். நல்ல கையைத் தூக்கிக் கொடிகளுக்குள் எதையோ தேடினார். தேவாங்கு அன்று அங்கே இருந்ததா என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. எங்கள் கண் அவர் முகத்தில் இருந்தது.

"இங்கதான் இருக்கியா நீ" என்றார். "இத்தன வருஷம் இதுக்குக் கீழதான் போனேன், வந்தேன். ஒரு நாள் அண்ணாந்து பாத்ததில்ல. தலைல எப்பவும் ஏதாச்சும் சுமை." பிறகு, "சரி, போலாம். வீட்டுக்குப் போற வழில இது என்ன வேடிக்கை" என்று எங்களையே அதட்டினார்.

வீட்டு வாசலில் இறக்கினோம். படியோரத்துச் செடிகள் காய்ந்து குச்சியாகியிருந்தன. அந்த அம்மா அவற்றைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். பல மாதங்களாக அந்த அறையில் அடைந்து கிடந்த குரல் முழுசாக வெளியே வந்தது.

"ரோடு ரோடுன்னு அலைஞ்சீங்களே, வாரத்துக்கு ஒருநாள் வந்து ஒரு சொம்பு தண்ணி ஊத்தத் தோணுச்சா உங்களுக்கு? மழ பெஞ்சும் பொழைக்காத மாதிரி பண்ணி வெச்சிருக்கீங்களே!"

தீவுக்காரர் திட்டு வாங்கிக்கொண்டே நின்றார். அவர் முகத்தில் நான் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் பார்த்ததில்லை. என் மனைவி வாசல் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, வாயைப் பொத்திச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் தோளில் மூங்கில் பதிந்த இடம் கன்றிச் சிவந்திருந்தது. நான் களிம்பை எடுத்துக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதானே.

"வேணாங்க" என்று சட்டென்று விலகினாள். "கொஞ்ச நாள் இருக்கட்டும்."